கைக்கு அளந்த பிடி: பின்லாந்தின் பூக்கோ கத்தி

பின்லாந்தின் நாட்டுக் கத்திக்குப் பூக்கோ என்று பெயர். தமிழ்க் காதில் பூ என்று விழும் சொல்லுக்குப் பின்னிஷ் மொழியில் மரம் என்று பொருள். மரப்பிடி போட்ட கத்தியானதால் பூக்கோ ஆயிற்று என்பதே பெரும்பாலோர் ஒப்புக்கொள்ளும் விளக்கம். வெட்டுவது இரும்பு, பெயர் கிடைத்தது பிடிக்கு. அலகை எங்கே வாங்கினாலும் பிடியைத் தன் கைக்குத் தானே செதுக்கிக்கொள்வது அந்த நாட்டுக் கிராமங்களில் நெடுங்காலம் சாதாரண வழக்கமாக இருந்ததால் பெயரும் பொருந்தித்தான் வருகிறது.

பூக்கோவின் அலகு சிறியது. முதுகு நேராக ஓடும், வாய் ஒரு பக்கம் மட்டும், நீளம் பெரும்பாலும் 8 முதல் 10 செ.மீ. உள்ளங்கை அகலத்தைத் தாண்டாத அலகே வேலைக்கு ஏற்றது என்பது பழைய கணக்கு. பிடி அலகின் நீளமே இருக்கும், அல்லது ஒரு விரற்கடை கூடுதலாக இருக்கும். இரண்டுக்கும் நடுவே விரல் முன்னால் வழுக்காமல் தடுக்கும் குறுக்குக் கட்டை கிடையாது. குத்தும் கத்திக்குத்தான் அது வேண்டும். பூக்கோ மரம் சீவவும் மீன் அறுக்கவும் தோல் உரிக்கவும் ரொட்டி வெட்டவும் இடுப்பில் தொங்கிய கத்தி. கட்டையைச் சீவும்போது முழுக் கையும் பிடியை அணைத்துக்கொள்ளும். நுணுக்க வேலை வந்தால் பெருவிரல் கத்தியின் முதுகில் ஏறும், ஆள்காட்டி விரல் அலகின் பக்கவாட்டில் படியும். தன் பக்கமாக இழுத்துச் செதுக்கும்போது வாய் மேல்நோக்கித் திரும்பும். ஒரு நாளில் பத்து விதமாக மாறும் இந்தப் பிடிப்புகளுக்குக் குறுக்குக் கட்டை இடைஞ்சலாகத்தான் இருக்கும்.

விரல் பள்ளங்களும் அப்படித்தான். நான்கு விரலுக்கும் அலை அலையாகப் பள்ளம் வெட்டிய பிடியைக் கடையில் கையில் எடுத்ததும் சொகுசாகத் தோன்றும். அந்தச் சொகுசு ஒரே பிடிப்போடு தீர்ந்துவிடும். விரல் தடித்தவருக்குப் பள்ளங்களுக்கு நடுவிலுள்ள மேடு உடனே உறுத்தும், மற்றவர்களுக்குப் பிடிப்பை மாற்றியவுடன் உறுத்தும். பழைய பூக்கோக்களில் இந்தப் பள்ளங்கள் காணப்படுவதில்லை. பிடியின் நீளமும் பருமனும் ஒரு கைக்கு அளந்தவை. மேற்பரப்போ எந்த விரலும் எங்கும் நகர இடம்விட்டு மழமழப்பாக இருக்கும். கைக்கு ஏற்ற பிடி என்பதைக் கையின் அச்சு என்று நினைக்கும் பிழையை அந்தக் கிராமத்துக் கொல்லர்கள் செய்யவில்லை.

பிடியைக் கைக்கு அளப்பது வட ஐரோப்பியர் மட்டும் கண்டதாகத் தெரியவில்லை. 1991இல் ஆல்ப்ஸ் மலையின் பனியாற்றில், ஆஸ்திரிய-இத்தாலிய எல்லையருகே, சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒரு மனிதனின் உடல் கிடைத்தது. ஏட்ஸி என்று பெயர் சூட்டப்பட்ட அவனிடம் இருந்த கத்தி பிடியோடு சேர்த்தே சுமார் 13 செ.மீ. தீக்கல்லால் ஆன அலகை ஆஷ் மரப் பிடியின் பிளவில் செருகி விலங்கு நரம்பால் சுற்றியிருந்தார்கள். அவனோ சுமார் 160 செ.மீ. உயரமுள்ள சிறிய உடல்வாகினன்.

பின்லாந்தில் அளவுகோல் உடம்பிலேயே இருந்தது. விரித்த கையின் பெருவிரல் நுனிக்கும் மறுவிரல் நுனிக்கும் இடைப்பட்ட நீளம் வாக்ஸா, அதாவது சாண். முழங்கையிலிருந்து அளந்தது கியூனாரா, நம் முழம். அங்குலத்துக்கு அவர்கள் வைத்திருந்த தூமா என்ற சொல் சுவீடிஷ் மொழியில் பெருவிரலைக் குறிக்கும் சொல்லோடு உறவுள்ளது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் மீட்டர் அளவு சட்டமானது. ஆனால் கத்திப் பிடிக்கு மீட்டரைவிட முஷ்டியே பொருத்தமான கோலாக நீடித்தது. நான்கு விரலையும் மடக்கிக் கட்டையைப் பிடிக்க வேண்டும். சுண்டுவிரலுக்குப் பின்னால் ஒரு விரற்கடை அளவு கட்டை நீட்டிக்கொண்டிருந்தால் நீளம் சரி. அதற்கும் குட்டையானால் பிடியின் முனை உள்ளங்கையின் சதையைக் குத்தும். மிக நீண்டால் கத்தியை இழுத்துச் செதுக்கும்போது முனை மணிக்கட்டில் இடிக்கும். பருமனுக்கு இன்னொரு சோதனை உண்டு. கையை மூடினால் நடுவிரல் நுனி பெருவிரலின் அடிச்சதையைத் தொடும் தறுவாயில் நிற்க வேண்டும். விரல் நுனி சதைக்குள் புதைந்தால் பிடி ஒல்லி, எட்டாமல் நின்றால் தடி.

வளர்ந்த ஆண்களின் உள்ளங்கை அகலம் சராசரியாக எட்டரை செ.மீ. சுற்றி இருக்கும், பெண்களுக்கு ஏழரை செ.மீ. சுற்றி. வித்தியாசம் ஒரு செ.மீ. தானே என்று தோன்றலாம். பிடியின் பருமனில் 3 மி.மீ. கூடினாலே கை அதை வேறு கத்தியாக உணரும். இதனால்தான் மேசைமேல் வைத்துப் பார்த்தால் ஒன்றுபோலத் தெரியும் இரண்டு பூக்கோக்களில் ஒன்று கையோடு ஒட்டிக்கொள்கிறது, மற்றது கையில் அயலாகவே இருக்கிறது.

பிடிக்கு உதவும் மரங்களில் தலைமையானது பிர்ச். காஷ்மீரத்துச் சுவடிகள் எழுதப்பட்ட பூர்ஜ மரத்தின் இனத்தைச் சேர்ந்தது இது. பின்லாந்தில் அதன் கட்டையும் பிடியாகும், பட்டையும் பிடியாகும். நார் சுருண்டு சுருண்டு வளரும் ஒருவகை பிர்ச், விசா என்று பெயர் பெற்று, மிக உயர்வாக மதிக்கப்படுகிறது. சீவினால் எந்தத் திசையிலும் எளிதில் பிளக்காது என்பது அதன் சிறப்பு. ஆனால் அளவெடுத்துப் பிடி செய்யும் கலையை முழுதாகப் பார்க்கப் பட்டைப் பிடியைத்தான் கவனிக்க வேண்டும்.

ஜூன் பிற்பாதியிலும் ஜூலைத் தொடக்கத்திலும் மரத்தில் சாறு ஓடும் வாரங்களில் பிர்ச்சின் வெளிப்பட்டை கையோடு உரிந்து வரும். அதைச் சுமை ஏற்றித் தட்டையாக உலர்த்தி, பிடியின் இறுதிப் பருமனைவிடச் சற்றுப் பெரிய சதுரங்களாக வெட்டுவார்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துளை. அலகின் பின்பக்கம் நீண்டு மெலிந்த வால் ஒன்று இருக்கும். முதலில் பித்தளைப் பூண், பிறகு பட்டைச் சதுரங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அந்த வாலில் கோக்கப்படும். பட்டை ஒவ்வொன்றும் சுமார் 1 மி.மீ. தடிமன் என்றால் 10 செ.மீ. பிடிக்கு நூறு துண்டாவது போகும். கோத்து முடித்ததும் இறுக நெருக்கி, கடைசியில் இன்னொரு தகட்டை மாட்டி, வெளியே நீட்டும் வால் முனையைச் சுத்தியலால் தட்டிப் பரப்பி அடைத்துவிடுவார்கள். அப்போது அலகின் முனையில் ஒட்டியிருப்பது பிடி மாதிரியே இராது. சின்னச் செங்கல் போல இருக்கும்.

அளவு வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. முதலில் நான்கு மூலைகளையும் அரத்தால் தேய்த்து எண்பட்டை ஆக்குவார்கள். பிறகு இன்னொரு கத்தியால் சீவல் சீவலாக எடுப்பார்கள். நாலு சீவல், ஒரு பிடிப்பு; மறுபடி நாலு சீவல். குறுக்குவெட்டு உருண்டையாகிவிடக் கூடாது. உருண்டைப் பிடி கையில் சுழலும், வாய் எந்தப் பக்கம் என்று பார்த்துப் பார்த்துப் பிடிக்க வேண்டிவரும். முட்டை வடிவமோ நீள்வட்டமோ ஆனால் கண்ணை மூடிக்கொண்டு எடுத்தாலும் வாய் இருக்கும் திசையைக் கை சொல்லிவிடும். நடுவில் கொஞ்சம் வயிறு புடைத்திருக்கும், பூண் பக்கம் ஒடுங்கும். உருவம் வந்ததும் ஒரு கட்டையை எடுத்து அரை மணி நேரம் சீவிப் பார்த்துக் கையை விரித்தால் உள்ளங்கையில் சிவந்த இடம் தெரியும். பிடியில் இன்னும் எடுக்க வேண்டிய இடம் அது. கொஞ்சம் கொஞ்சமாகத்தான் எடுக்க முடியும், சீவியதைத் திரும்ப ஒட்ட முடியாது.

பட்டைப் பிடிக்கு இன்னொரு நன்மை, குளிர். பூஜ்யத்துக்குக் கீழே 20, 30 பாகைக்கு இறங்கும் குளிர்காலத்தில் இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டிக்கொள்ளும். பட்டை கைச்சூட்டை இழுத்துக்கொள்ளாது, மீன் அறுக்கும் ஈரக் கையிலும் வழுக்காது. பூணைச் சிறிதாக வைத்து வாலின் இரும்பைப் பட்டைக்குள் மறைத்தது இதற்கும் உதவியது.

வடக்கே லாப்லாந்தில் மான் மேய்க்கும் சாமி இனத்தவரின் பெரிய கத்தி லெவுக்கு. அதன் அலகு 20 செ.மீ.யையும் தாண்டும். விறகு பிளக்கவும் கூடாரத்துக்குக் கழி வெட்டவும் அது உதவும். அதன் பிடியை வெறுங்கையில் எடுத்துப் பார்ப்பவருக்குப் பெரிதாகவே படும். கம்பளியும் தோலும் சேர்த்துத் தைத்த கையுறை மாட்டிய கைக்கு அளந்த பிடி அது. முனை விரிந்து அகன்றிருப்பதால், ஓங்கி வெட்டும்போது கையுறைக்குள்ளிருந்து கத்தி நழுவிப் போகாது. சின்ன வேலைகளுக்கு மான்கொம்புப் பிடி போட்ட சிறு கத்தி வேறாக இருக்கும். பின்லாந்தின் மற்றப் பகுதிகளிலும் ஒரே உறையில் பெரியதும் சிறியதுமாக இரண்டு கத்தி செருகும் இரட்டைப் பூக்கோ வழங்கியது. அங்கே கை ஒன்றுதான், அளவு மாறியது வேலைக்காக.

பெண்களின் பூக்கோ சிறியது. அதுவும் இடைப்பட்டையில் தொங்கியது. மணப்பருவம் வந்த பெண் வெற்று உறையை இடுப்பில் கட்டிக்கொள்வாள், விரும்பும் இளைஞன் அதில் தன் பூக்கோவைச் செருகுவான், அவள் அதைத் திருப்பித் தராமல் வைத்துக்கொண்டால் சம்மதம் என்று ஒரு பழைய வழக்கம் சொல்லப்படுகிறது. உறை அவளுடையது, கத்தி அவனுடையது. அளவு பொருந்தியதா என்பதைக் கதை சொல்பவர்கள் கண்டுகொள்வதில்லை.

கை தெரியாத ஆளுக்குப் பிடி செய்யும் காலம் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் வந்தது. மேற்குப் பின்லாந்தின் போத்னியாக் கரைச் சமவெளியில் கவ்ஹாவா என்னும் ஊர் உண்டு. கத்திச் சண்டைக்குப் பேர்போன வட்டாரம். அங்கே ஈசாக்கி யார்வென்பா என்பவர் 1879இல் தொடங்கிய தொழில் பூக்கோவை நாடெங்கும் கொண்டுபோயிற்று. பட்டைப் பிடியும், முனையில் பித்தளையில் வார்த்த குதிரைத் தலையும் அவருடைய அடையாளங்கள். குதிரைத் தலைப் பூக்கோ பரிசாகவும் கண்காட்சிப் பொருளாகவும் புகழ்பெற்றது. நாள் முழுக்கக் கட்டை சீவுகிறவருக்கு அந்தத் தலை உள்ளங்கையில் இடிக்கும் என்பதை மறைப்பதற்கில்லை. விலைக்கு வாங்கிப் போகிறவரின் கையைப் பட்டறை பார்க்காது. ஆகவே சிறியது, நடுத்தரம், பெரியது என அளவுகளை வகுத்து வைப்பதே அங்கு வழியாயிற்று. நடுத்தர ஆண் கை அளவுகோலாக அமர்ந்தது.

இதே காலத்தில் பள்ளிக்கூடம் எதிர்த்திசையில் நடந்தது. பின்லாந்தில் 1866ஆம் ஆண்டு நாட்டுப்பள்ளிச் சட்டத்துக்குப் பின்னால் இருந்தவர் உனோ சிக்னேயுஸ் (1810–1888). கைத்தொழிலைப் பாடமாக்கியது அவருடைய பெரிய சாதனை. அண்டை நாடான சுவீடனில் நேஸ் என்ற இடத்தில் ஓட்டோ சாலமன் 1870களில் கைத்தொழில் ஆசிரியர்களுக்கான பயிற்சிக்கூடத்தை நடத்தினார். சிக்னேயுஸைச் சந்தித்துக் கருத்து வாங்கிக்கொண்டவர் அவர். வெளிநாடுகளிலிருந்தும் ஆசிரியர்கள் அங்கே வந்து படித்தார்கள். சாலமனின் பாடவரிசையில் முதல் கருவி கத்தி. கிராமத்துப் பிள்ளைகள் வீட்டிலேயே பழகிய கருவி என்பதால் அது முதலில் வந்தது. ஒரு சிறு குச்சியைச் சீவுவதில் தொடங்கும் வரிசையில் பின்னால் சுத்தியல் காம்பு, கோடரிக் காம்பு போன்றவை வரும். காம்பு செதுக்கும் பாடத்தில் அளவுகோல் ஓரளவுக்கு மேல் உதவாது. செதுக்குகிற பிள்ளை பிடித்துப் பார்த்துத்தான் முடிக்க வேண்டும். இந்தப் பாடத்திலிருந்து கிளைத்த சிறிய நேரலகுக் கத்தி அமெரிக்கப் பள்ளிகள் வரை போயிற்று.

சுவீடனின் டாலர்னா வட்டாரத்தில் மோரா அருகிலுள்ள எஸ்ட்னூர் கிராமம் பழைய கத்தித் தொழில் ஊர். அமெரிக்காவில் நாலு ஆண்டு மரம் வெட்டிவிட்டுத் திரும்பிய ஃப்ரோஸ்ட் எரிக் எர்சன் 1891இல் அங்கே மரச் சறுக்குவண்டி செய்யும் பட்டறை போட்டார். வண்டி செய்பவர்களுக்கு வேண்டிய கத்திகளும் அங்கேயே உருவாயின. பிறகு கத்தியே தொழிலாகிவிட்டது. 1912இல் எரிக்சன் குடும்பத்தின் ஆலை வந்தது. மரபான மோரா கத்தியின் பிடி பிர்ச் கட்டை, சிவப்புச் சாயம், பீப்பாய் போல நடுவே புடைத்த உருவம். ஒரே அளவில் ஆயிரக்கணக்கில் செய்ய வேண்டிய ஆலைக்கு அது புத்திசாலித்தனமான உருவம். பெரிய கை முழுப் பிடியையும் அணைக்கும், சிறிய கை ஒடுங்கிய முன்பகுதியைப் பற்றும். அளவெடுத்துச் செய்த பிடியின் சுகம் இதில் கிடைக்காது. எந்தக் கையையும் இது துரத்துவதுமில்லை. பிள்ளைகளுக்கும் சாரணர்களுக்கும் குறுக்குக் கட்டை வைத்த வகை உண்டு. இன்னும் பழகாத விரலுக்கு அந்தத் தடுப்பு தேவைதான்.

ஜப்பானில் சமையல் கத்திப் பிடிகளின் ஒரு வகை வேறொரு தீர்வைக் காட்டுகிறது. ஒரு பக்கம் மட்டும் மெல்லிய மேடு வைத்துச் செய்யும் அந்தப் பிடி வலக்கையின் விரல் மடிப்பில் கச்சிதமாக உட்காரும், இடக்கைக்காரருக்கு உறுத்தும். அவருக்கு மேட்டை மறுபக்கம் வைத்துத் தனியாகச் செய்ய வேண்டும். இருபக்கமும் ஒன்றாக இருக்கும் பூக்கோவுக்கு இந்தச் சிக்கலே இல்லை.

ரோவனியெமி ஊரில் யான்னே மார்த்தீனி 1928இல் தொடங்கிய ஆலை லாப்லாந்துக் கத்தியைப் பயணிகளின் பெட்டிக்குள் ஏற்றியது. வடிவமைப்பாளர் தாபியோ விர்க்கலா (1915–1985) 1960களின் தொடக்கத்தில் ஹாக்மன் ஆலைக்காக வரைந்த பூக்கோவின் பிடி கறுப்பு நைலான். கண்ணாடிக்கும் ஒட்டுப்பலகைக்கும் உருவம் கொடுத்துப் பேரெடுத்த அவர் மாதிரிகளைத் தாமே செதுக்கிப் பார்த்தவர். அதனால்தான் அச்சில் வார்த்த அந்த நைலான் பிடியிலும் கத்தியால் சீவிய மரத்தின் வளைவு தெரிகிறது. குளிரில் வெடிக்காது, ஈரத்தில் உப்பாது. தேய்த்துக் கைக்குச் சரிசெய்துகொள்ளவும் முடியாது.

நடுத்தர ஆண் கை என்ற அளவுகோலைக் கேள்வி கேட்டது 1970களின் சுவீடன். மரியா பெங்க்ட்சன், ஸ்வென்-எரிக் யூலின் என்ற இரு வடிவமைப்பாளர்கள் வலுக்குறைந்த கைகள் பொருளைப் பற்றும் விதத்தை ஆராய்ந்து, 1970களின் நடுவில் ஒரு ரொட்டிக் கத்தியை உருவாக்கினார்கள். மூட்டுவாதம் உள்ளவரின் மணிக்கட்டு வளைந்தால் வலிக்கும். சாதாரணக் கத்தியைப் பிடித்து அறுக்க மணிக்கட்டை வளைத்தாக வேண்டும். இவர்களுடைய கத்தியில் பிடி அலகின் நேர்க்கோட்டில் நீளாமல் ரம்பப் பிடி போல நிமிர்ந்து நிற்கும். முஷ்டியால் பற்றி முன்பின் நகர்த்தினால் மணிக்கட்டு நேராகவே இருக்கும், தோளின் பலம் வேலை செய்யும். ரொட்டியைப் பிடித்துக்கொள்ள ஒரு சட்டம், அதன் பிளவில் கத்தி ஓடும். பெண்களின் பிடிவலு சராசரியாக ஆண்களுடையதில் ஐந்தில் மூன்று பங்கு. முதுமையில் இரண்டும் குறையும். நீளத்தையும் பருமனையும் மட்டுமே அளந்துவந்த பழைய முறை கவனிக்காமல் விட்ட மூன்றாம் அளவு இதுதான்: அந்தக் கையில் எவ்வளவு பலம் மிச்சமிருக்கிறது என்பது.

இன்றைய பணிச்சூழல் கையேடுகள் முழுக் கையால் பற்றும் பிடிக்கு 3 முதல் 5 செ.மீ. விட்டமும், குறைந்தது 10 செ.மீ. நீளமும் வேண்டும் என்கின்றன. கையுறைக்கு ஒரு செ.மீ.க்கு மேல் கூட்டச் சொல்கின்றன. பழைய பூக்கோக்கள் இந்த விட்டத்தைவிட மெல்லியவை, ஏனென்றால் முழுப் பலத்தோடு அவை பற்றப்படுவது குறைவு. நீளத்தில் மட்டும் கையேடும் கிராமத்து முஷ்டியும் ஒரே கணக்கைச் சொல்கின்றன.

பின்லாந்தில் பிடியில்லாத பூக்கோ அலகுகள் இன்றும் தனியாக விற்கின்றன. முதியோர் கல்விக் கூடங்களின் மாலை வகுப்புகளில் ஆண்களும் பெண்களும் அவற்றுக்குப் பிடி போடக் கற்கிறார்கள். பிடிக்கான விசா பிர்ச் கட்டைகளும் விலைக்குக் கிடைக்கின்றன. பெரும்பாலும் 12 அல்லது 13 செ.மீ. நீளம், 4 செ.மீ. அகலம், 3 செ.மீ. தடிமன் என்று அறுத்து வைத்திருப்பார்கள். மிகப் பெரிய கைக்கும் சீவிக் குறைக்க மிச்சம் இருக்கும்.